ஜசிந்தா ரீச்சரின் நாலு பிளக்கும் என் சீலைத் தலைப்பும்

அதிபரின் அழைப்பு வந்தபோது நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். "ரீச்சர், எங்கட ஜசிந்தா ரீச்சர் விடிய மோசம் போயிட்டா. முல்லைத்தீவில தங்கச்சி வீட்டை நிண்ட இடத்தில. நெஞ்சு நோகுது எண்டிருக்கிறா, ஆஸ்பத்திரிக்கு ஏத்த முதல் முடிஞ்சுதாம்" என்றார். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன். முதலில் கண்ணீர் வரவில்லை. இதிலும் எனக்கு முந்திவிட்டாவே என்றுதான் மனம் சொன்னது. ஆசிரியர் ஓய்வறையில் எங்கள் இருவரையும் தெரிந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதும் எழுதித் தாருங்கோ, நீங்கள்தானே அவாவோட நல்ல ஒட்டு என்று அதிபர் கேட்டார். வட்டக்கச்சியில் பதின்மூன்று வருடம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். ஜசிந்தா ரீச்சர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் தமிழ். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஓய்வறை. ஒட்டு இருந்தது உண்மை. ஆனால் அவரில் எனக்குப் பொறாமை இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அமைதியானவர், அன்பானவர் என்று நாலு வரி எழுதித் தர எனக்குக் கை வருகுதில்லை.

பொறாமையின் பெரும்பங்கு அந்த பிக்கப்பால் வந்தது. அவருடைய தகப்பனார் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாவுக்கு மீன் ஏற்றிய பழைய பெற்றோல் பிக்கப் அது. எத்தனை தரம் கழுவினாலும் வெயில் ஏறினால் நெத்தலிக் கருவாடு மணக்கும். தகப்பனாருக்குப் பிறகு அதை ஓட்டியது ரீச்சர்தான். ஓட்டினால் போகட்டும் என்றிருக்கலாம். பழுது பார்ப்பதும் அவர்தான். நான் கறிச்சட்டி மினுக்கிக்கொண்டிருக்கும் சனிக்கிழமைக் காலையில், வேலிக்கு அங்கால் அவர் பிக்கப்பின் முன்மூடியை, பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு எஞ்சினின் ஸ்பார்க் பிளக் மாற்றுவார்.

அதற்கு அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. எஞ்சின் சூடேற முதலே தொடங்குவார். சைக்கிள் பம்பால் காற்று அடித்து, பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளுவார். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுவார், அந்தப் பிளக்கை மாற்றுவார், அந்த வயரைத் திரும்பக் கொழுவுவார், அதற்குப் பிறகுதான் அடுத்தது. கழற்றிய நாலையும் கடதாசியில் வரிசையாக வைத்து, கொப்பி திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். "பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில இருந்தால் எஞ்சின் சுகமா இருக்குது, ரீச்சர். இஞ்ச பாருங்கோ, இந்த மூண்டாவதுக்குத்தான் கொஞ்சம் கரி" என்று எனக்குக் காட்டுவார். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது.

புதுப் பிளக்கின் தலையில் ஒரு சாண் றப்பர்க் குழாயைச் செருகி, குழாயைக் கையால் திருகியே பிளக்கை உள்ளே இறக்குவார். ஸ்பனர் கடைசியில்தான் வரும். "கையால ஏறாததை ஸ்பனரால ஏத்தப்படாது. புரி பிழைச்சு ஏறினால் எஞ்சின்ர தலையே போயிடும்" என்பார். சண்டைக் காலத்தில், பெற்றோல் கிடையாமல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில், தகப்பனாருக்குப் பக்கத்தில் நின்று பழகிய வேலை. அந்த நாட்களில் தப்பித் தவறி ஒரு புதுப் பிளக் கிடைத்தால் அந்த மனிசன் அதைப் போடமாட்டாராம். அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, பழையதையே அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஓடுவாராம். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே இருந்தோம்? என் அலுமாரியில் இன்றும் உடுக்காத சீலை ஆறு இருக்கிறது. ரீச்சர் மட்டும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டார். "அப்பா வைச்சு வைச்சுப் பார்த்தார், நான் போட்டுத் தீர்க்கிறன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் எனக்குப் பொறாமை.

வேலிக்கு இந்தப் பக்கத்தில் என் கணவரும் நிற்பார். கந்தோர் இல்லாத நாளில் வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதற்கு மூன்று கிழமை எடுக்கும் மனிசன், ரீச்சர் பொனற்றைத் திறந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியடிக்குப் போய்விடுவார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அவா எல்லாத்தையும் தன்ர கையாலயே செய்யிறா, என்ன" என்பார். அந்தச் சோற்றையும் ஐந்து கறியையும் என் கையால்தான் செய்திருந்தேன். அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இதை அவரும் வாசிப்பார், வாசிக்கட்டும்.

ஒருமுறை நான் எழுதிப் பழக்கிய நாடகம் வலயப் போட்டியில் முதலாம் இடம் எடுத்தது. பிள்ளைகளைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனது ரீச்சரின் பிக்கப். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அதிபர், "ஜசிந்தா ரீச்சரின்ர பிக்கப் இல்லாட்டி இந்தப் பிள்ளையள் போய்ச் சேர்ந்திருக்காதுகள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பெயர் ஒலிபெருக்கி தந்தவரின் பெயருக்குப் பிறகு வந்தது. அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ரீச்சர் நாலு பிளக்கும் மாற்றி முடித்துவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். தேத்தண்ணி கொடுக்கப் போன நான் திறந்த பொனற்றுக்குப் பக்கத்தில் தனியே நின்றேன். என் கணவர் வழக்கம்போல வேலியடியில், ஆனால் பேப்பரில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் நடுவிலிருந்த இரண்டு வயரையும் இழுத்து, ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொழுவிவிட்டேன். ஒரே ஒரு தரம் என் கணவருக்கு முன்னால் ரீச்சரின் வேலை பிழைக்கட்டும். அதைவிட வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ரீச்சர் பொனற்றை மூடிவிட்டு ஏறித் திறப்பைத் திருகினார். பிக்கப் இருமியது, உதறியது, பின்னால் வெடி மாதிரி ஒன்று போட்டது. கோழிகள் சிதறின. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. என் கணவர் பேப்பரை எறிந்துவிட்டு வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து ஓடிப்போய், ரீச்சர் இறங்கித் திரும்பத் திறந்த பொனற்றுக்குள் அவரின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை விட்டுக்கொண்டு நின்றார். பதின்மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் அவ்வளவு கிட்ட நின்றது அன்றைக்குத்தான், அதற்கும் வழி பண்ணிக் கொடுத்தது நான்.

ரீச்சர் வயர்களை ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டையும் இடம் மாற்றினார். பிக்கப் தையல் மெசின் மாதிரி ஓடத் தொடங்கியது. "என்ன ரீச்சர் நடந்தது?" என்று என் கணவர் கேட்டார். "கவனமில்லாமல் கொழுவிட்டன் போல" என்றார் அவர். ஒன்றைக் கழற்றி ஒன்றைக் கொழுவுகிற மனிசிக்குக் கவனம் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். பிறகு கோப்பையை என் கையில் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், உங்கட சீலைத் தலைப்பில கறுப்புப் பிரண்டிருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேயுங்கோ, போயிடும்."

"அது அடுப்புக்கரி" என்றேன். அடுப்புக்கரிக்கு மண்ணெண்ணெய் எதற்கு? சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சவுக்காரத்தால் தோய்த்தேன். எஞ்சின் கறுப்பு சவுக்காரத்துக்குப் போகுமா? மடித்து அலுமாரியின் அடியில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ரீச்சர் வேலியடிக்கு வந்து, "உங்களிட்டக் கியூடெக்ஸ் இருக்கோ? எந்த நிறமெண்டாலும் பரவாயில்லை" என்று கேட்டார். மகளின் கலியாணத்துக்கு வாங்கிய செம்பருத்திச் சிவப்பு, அரைப் போத்தல் கிடந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஆருக்காக நகம் பூசப் போகிறா என்று ஒரு கிழமையாக அவர் விரல்களையே பார்த்தேன். நகங்கள் வெறுமையாகவே இருந்தன. போத்தல் திரும்பி வரவில்லை. அதையும் ஒரு குறையாக மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் என்னைக் கூப்பிட்டார். "வாங்கோவன் ரீச்சர், இந்தமுறை நீங்கள் மாத்திப் பாருங்கோ. பெரிய வேலையில்லை." ஒவ்வொரு முறையும் "எனக்கேன் உந்தக் கரி வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செத்தவீடு முடிந்து இரண்டாம் கிழமை தங்கச்சி பிலோமினா வட்டக்கச்சிக்கு வந்தார், வீட்டைப் பூட்டிவிட்டு பிக்கப்பைக் கொண்டுபோக. பிக்கப் நாலுக்கு மூன்று பிளக்கில் ஓடிக்கொண்டு குலுங்கியது. "அக்கா அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்து பிளக் மாத்த இருந்தவா. அதாலதான் எங்களிட்ட பஸ்ஸில வந்தவா" என்று சொல்லி, மேசையிலிருந்த புதுப் பிளக் நாலையும் கொண்டுவந்து தந்தார். அலுமாரியில் இல்லை, மேசையில்.

என் கணவர் முன்னுக்கு வந்தார். பதின்மூன்று வருடம் பார்த்தவர் அல்லவா. நாலு வயரையும் ஒரேயடியாக இழுத்தெடுத்துவிட்டு நிமிர்ந்தவருக்கு, எது எதற்குப் போகும் என்று தெரியவில்லை. "பார்த்தனான்தான், செய்யேல்லையே" என்றார் பாவமாக.

நான் குனிந்தேன். ஒரு வயரின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அடுத்ததில் இரண்டு. பிறகு மூன்று, நாலு. எஞ்சின் மூடியிலும், ஒவ்வொரு பிளக்குக்கும் நேரே, அதே கணக்கில் பொட்டுகள். செம்பருத்திச் சிவப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வயர் கொழுவக்கூடிய மனிசிக்கு அந்தப் பொட்டுகள் தேவையில்லை. வயர் எது எதற்கு என்று தெரியாத ஓர் ஆள் ஒரு நாள் இந்த இடத்தில் குனிந்து நிற்பாள் என்று நினைத்து வைத்தவை அவை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிலோமினா என்னைப் பிடித்துக்கொண்டார், அக்காவை நினைத்து அழுகிறேன் என்று.

கண்ணைத் துடைத்துவிட்டுச் சைக்கிள் பம்பை எடுத்து ஊதி, பழைய பிளக் நாலையும் கழற்றினேன். றப்பர்க் குழாயைச் செருகிக் கையால் இறக்கினேன். மூன்றாவது ஏற மறுத்தது. ஸ்பனரைத் தொடவில்லை, வெளியில் எடுத்து மறுபடி பொருத்தினேன். கடைசியில் ஸ்பனரால் இறுக்கி, பொட்டுப் பார்த்து வயர்களைக் கொழுவினேன். பிக்கப் ஓடியது. "நீர் இதை எப்பப் பழகினீர்?" என்றார் என் கணவர். நான் பழைய நாலையும் கடதாசியில் வரிசையாக வைத்தேன்.

பிலோமினாவிடம் கேட்டு அந்த றப்பர்க் குழாயை வைத்துக்கொண்டேன். என் இடத்தில் அவரும் அவர் இடத்தில் நானும் இருந்திருந்தால், வயர் மாற்றியவள் ஆர் என்று திங்கட்கிழமையே ஓய்வறை முழுக்கச் சொல்லியிருப்பேன். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் இருந்தவற்றுக்குள் இதில்தான் எனக்கு ஆகப் பெரிய பொறாமை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அந்தச் சீலையைத்தான் உடுத்துக்கொண்டு வருவேன். தலைப்பில் என்ன கறுப்பு என்று நீங்கள் கேட்கலாம். அது அடுப்புக்கரி இல்லை.