ஒரு சொட்டும் ஒழுகாத பிளாஸ்க்

அந்த பிளாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். ஊரில் இந்தக் கதை எழும்பும்போது "மருமகன்தான் வாங்கிக் குடுத்தாராம்" என்று என் கணவரின் தலையில் போடுகிறார்கள். அது அபாண்டம். பாடசாலையில் அரை நாள் லீவு போட்டு, கல்முனை பஸாரில் மூன்று கடை ஏறி இறங்கி அதை வாங்கியது நான். பழி வருவதென்றால் சரியான இடத்துக்கு வரட்டும்.

வாப்பாவுக்காக வாங்கியது. வாப்பாவுக்குக் கோப்பி என்றால் நாக்குப் பொள்ள வேண்டும். இஞ்சி தட்டிப் போட்ட வெறுங்கோப்பி, காலை பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஒன்று. "ஆறின கோப்பியக் குடிக்கிறதுக்கு கிணத்துத் தண்ணியக் குடிக்கலாம்" என்பார். உம்மா இருந்தவரைக்கும் இந்த இரண்டு வேளையும் தவறியதில்லை. உம்மா மௌத்தான பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிடுவார்கள். பெற்றவர்கள் அதே வீட்டின் பின் அறைக்குப் போவார்கள், அல்லது அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் நெல் விதைத்து வாப்பா எனக்குக் கட்டிய வீட்டில் பெரிய மண்டபமும் மூன்று அறைகளும் இருக்கின்றன. தங்கச்சியின் முறை வந்தபோது வயல் கைவிட்டுப் போயிருந்தது. அவளுடைய வீடு இன்றைக்கும் பூசாத கல்லோடுதான் நிற்கிறது.

வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து வாப்பா என் வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டார். தானே கட்டிய மண்டபத்தில் கதிரையை இழுத்துப் போடும்போது "இதுல இருக்கட்டா மகள்?" என்று கேட்பார். தனக்கு ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் கேட்க மாட்டார். குசினி வாசலில் வந்து நின்று, மழை வருமா வராதா என்று கதைப்பார். அதை வைத்து நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். மழையைப் பற்றிக் கதைத்தால் ஒன்றில் தாகம், இல்லாவிட்டால் மருந்து முடிந்துவிட்டது. உம்மா அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார். எனக்குப் பொறுமை காணாது.

மகளின் வீட்டில் வாய்விட்டுக் கேட்பது மானக்கேடு. இது எங்கள் ஊர் ஆண்களின் சட்டம். இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம். வாயைத் திறந்து கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நான் ஆசிரியை. ஏழு மணிக்கு வீட்டை விட்டால், பாடசாலையும் பின்னேர வகுப்பும் முடிந்து வர ஐந்தாகிவிடும். கணவர் அம்பாறையில் ஒரு அலுவலகத்துக்குப் போகிறார். பகல் முழுக்க வாப்பா தனியேதான். ஒருநாள் தானே கோப்பி போட்டவர், காஸ் அடுப்பை ஒழுங்காக மூட மறந்துவிட்டார். பகல் ஏதோ கடதாசி எடுக்க வீட்டுக்கு வந்த என் கணவருக்குத்தான் முதலில் மணத்தது. அவர் வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் நான் வந்த பிறகு, வாப்பாவின் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்.

"வாப்பாக்குச் செல்லுங்க. ஊடு எரிஞ்சா எல்லாரும் ரோட்டுலதான்."

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது சிலிண்டரையே பூட்டிவிட்டுப் போனார். அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வாப்பா குசினிக்குள் காலே வைக்கவில்லை. வாசலோடு நின்றுகொள்வார்.

அதற்கு நான் கண்ட பரிகாரம்தான் பிளாஸ்க். விடிய ஒரு தடவை ஊற்றி மேசையில் வைத்துவிட்டால் அஸர் வரைக்கும் கவலை இல்லை.

முதல் இரண்டு கடையிலும் பூப்போட்ட, உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாதிரிதான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். மூன்றாவது கடைக்காரர் மேலே அழுத்தி அமத்துகிற வகை ஒன்றை எடுத்து வைத்தார்.

"டீச்சர், வயசாக்களுக்கு இதுதான் லேசு. கோப்பையப் புடிச்சிட்டு அமத்தினாக் காணும், ஊத்தும்."

"இதுல சூடு நிக்குமா?"

"கொஞ்சம் குறையத்தான் நிக்கும். அதுக்கென்ன, குடிக்கிற சூடு இருக்கும்தானே?"

குடிக்கிற சூடாம். வாப்பாவின் நாக்கு அவருக்கு எங்கே தெரியும்? அதோடு அந்தக் குழாய்க்குள் ஊத்தை சேர்ந்தால் கழுவவும் முடியாது. வேண்டாம் என்றேன். உருக்கால் செய்த, இரட்டைச் சுவர் உள்ள, உள்மூடியை முறுக்கி அதன் மேல் கோப்பை மூடியையும் முறுக்குகிற ஒன்றை எடுத்தேன். அவரிடம் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றி, பத்திரிகைத் தாளின் மேல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைக்காரர் சிரித்தார். "டீச்சர் சோதினை வச்சித்தான் எடுக்கிற" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விடியற்காலையில் நான் ஊற்றுவேன், கணவர் மூடுவார். "நல்லா முறுக்கினாத்தான் மச்சி சூடு நிக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார். சூடான கோப்பியை அப்படி இறுக்கி மூடினால் நேரம் போகப் போக மூடி உள்ளே இழுபட்டு இன்னும் இறுகும். இதெல்லாம் நான் ஒன்பதாம் ஆண்டுக்கு விஞ்ஞானத்தில் படிப்பிக்கிற பாடம். பாடம் பாடசாலையிலேயே நின்றுவிட்டது, வீட்டுக்கு வரவில்லை.

முதல் மூன்று மாதமும் நான் வந்து பார்க்கும்போது பிளாஸ்க் வெறுமையாகக் கிடக்கும். கோப்பையும் கழுவிக் கவிழ்த்திருக்கும். "சூடு நிண்டிச்சா வாப்பா?" என்று கேட்பேன். "நிண்டிச்சு மகள். நல்ல சூடு" என்பார். பாடசாலையில் என் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசிப் பேசி இன்னும் இரண்டு டீச்சர்மாரை அதே பிளாஸ்க்கை வாங்க வைத்தேன்.

அந்த இருவரில் ஒருத்திதான் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். "உங்கட வாப்பாட கோப்பிய எங்கட ஊட்டுக்காரரும் குடிக்கிறாராம். பள்ளிவாசல் விறாந்தையில அஸருக்குப் பொறகு எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கிறாராம். பாவம், ஊட்டுல தனிய இருந்து குடிக்க மனமில்ல போல."

பாவம் என்ற அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? சீதன வீட்டில் ராசாத்தி மாதிரி இருக்கிறாள், வாப்பாவுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்க நேரமில்லாமல் போத்தலில் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதைத்தான் சொல்லும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"நான் விடிய எழும்பி ஊத்தி வைக்கிறது உங்களுக்கா, ஊருக்கா?"

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஆக்கள் இருக்கக்குள்ள தனியக் குடிக்கிறது சரியில்லையே மகள்."

"அப்ப ஊட்டுல இருந்து குடிங்க. இனிமே இத பள்ளிக்குக் கொண்டு போகாதீங்க. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"சரி மகள்" என்றார். எதற்கும் சரி மகள்தான்.

மறுநாள் பின்னேரம் நான் வந்து தூக்கிப் பார்த்தபோது பிளாஸ்க் நிறையக் கனத்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ரோசம் என்று நினைத்தேன். என்னோடு கோபம் என்றால் சோற்றில் காட்டுவார், தண்ணீரில் காட்டுவார். இப்போது கோப்பியில் காட்டுகிறார் என்று நினைத்தேன். "ஏன் வாப்பா குடிக்கல்ல?" என்றால், "மனமில்ல மகள்" என்பார். ஒருநாள் பிளாஸ்க்கின் கழுத்தோரம் நெளிந்து கிடந்தது. கேட்டதற்கு "கதவு நிலையில தட்டுப்பட்டுட்டு மகள்" என்றார். புதுச் சாமானைக் கண் பார்த்து வைக்க முடியாதா என்று அதற்கும் ஏசினேன். இன்னொரு நாள் அவருடைய தோள் துண்டு அந்த மூடியைச் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்து உதறி, கொடியில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மூன்று கிழமை பொறுத்தேன். பிறகு ஒரு பின்னேரம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பி முழுவதையும் வாழை அடியில் ஊற்றினேன். ஆவி பறந்தது.

"நாளையில இருந்து நான் ஊத்தல்ல. நல்லது செய்தாலும் இந்த ஊட்டுல நல்ல பேர் இல்ல."

வாப்பா வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மழை வரும் போல" என்றார். எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கிழமையே தங்கச்சி வந்து, "வாப்பா ரெண்டு நாளைக்கு எங்கட ஊட்ட நிக்கட்டும் ராத்தா" என்று கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு சாரன், மருந்துப் பை, குர்ஆன், அதோடு அந்த பிளாஸ்க்கையும் கொண்டு போனாள். வாப்பா வேண்டாம் என்று குடிக்காமல் வைத்த சாமானை எதற்குக் கொண்டு போகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் இரண்டு மாதமானது. ஊர் தன் வேலையைத் தொடங்கியது. மாபிள் பதித்த வீட்டைக் கொடுத்தவர் பூசாத வீட்டில் கிடக்கிறார் என்றார்கள். கடைத்தெருவில் சலாம் சொன்ன பெண்கள் அடுத்த மூச்சில் "வாப்பா எங்க?" என்று கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை, பின்னேரம் போல, தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாப்பா அஸருக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். மேசையில் என் பிளாஸ்க் இருந்தது, கழுத்து நெளிவோடு. அதன் மேல் ஒரு கோப்பைத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள். இரண்டு மூடியும் கழுவிய கோப்பைகளோடு ஒரு பக்கமாகக் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னகா இது? இப்பிடித் திறந்து வச்சா சூடு நிக்குமா? இதுக்கு எதுக்கு இந்த பிளாஸ்க்கு?"

"சூடு நிக்காதான் ராத்தா" என்றாள் தங்கச்சி. "ஆனா வாப்பாக்கு ஊத்திக் குடிக்க ஏலும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தன் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள்.

"அந்தக் கைக்கு முறுக்க ஏலா. ஒங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு வருடத்துக்கு முன் பள்ளியின் ஹவுழ் தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கி விழுந்து வாப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்றே அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். "கை எப்பிடி?" என்று கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றார். நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பள்ளியில பாங்கு செல்லுற மோதினார்தான் திறந்து குடுக்கிறவராம்" என்றாள் தங்கச்சி. "ஒவ்வொரு நாளும் சும்மா திறந்து தாங்க எண்டு கேக்க வெக்கமாம். அதுக்குத்தான் எல்லாருக்கும் ஊத்துறவராம்."

"ஒனக்கு ஆர் செல்லின? வாப்பாவா?"

"வாப்பா செல்லுவாரா? இஞ்ச வந்த முதல் நாள் நானும் இறுக்கி மூடித்தான் வச்ச. குசினி வாசல்ல வந்து நிண்டு மழையப் பத்திக் கதைச்சாரு. போயிட்டு வந்து திரும்பவும் கதைச்சாரு. நல்ல வெயில். அதுக்குப் பொறகுதான் நான் கையப் புடிச்சுக் கேட்ட, என்ன வாப்பா வேணும் எண்டு. அப்பதான் எல்லாம் செல்லினாரு."

நான் அந்தக் கழுத்து நெளிவைத் தடவிக்கொண்டு இருந்தேன். தோள் துண்டைச் சுற்றி முறுக்கிப் பார்த்திருக்கிறார். முடியாமல் நிலையில் தட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று கிழமையும் தினமும் கோப்பிக்கு முன்னால் இருந்துவிட்டு, மனமில்ல மகள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் மேலும் ஆத்திரம் வந்தது, என் மேலும் வந்தது. என் மேல் வந்ததுதான் இன்னும் போகவில்லை.

வாப்பா வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எப்ப வந்த மகள்? இரு, கோப்பி குடி" என்று தட்டை எடுத்து வைத்துவிட்டு, இடது கையால் பிளாஸ்க்கைச் சரித்து எனக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை ஊற்றினார். ஒரு துளி சிந்தவில்லை. வாயில் வைத்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. ஆறின கோப்பிக்குக் கிணற்றுத் தண்ணீர் மேல் என்ற மனிதர் அதை மிடறு மிடறாகக் குடித்தார்.

"இது கொஞ்சம் ஆறித்தான்" என்றார், தங்கச்சிக்குக் கேட்காத மெல்லிய குரலில். "ஒன்ட கோப்பிதான் மகள் சூடு. அஸர் வரைக்கும் நாக்குப் பொள்ளும்."

என்னால் கோப்பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

"ஊட்ட வாங்க வாப்பா" என்றேன். "அமத்துற பிளாஸ்க்கு ஒண்டு வாங்கி வைக்கிறன். முறுக்கத் தேவல்ல."

வாப்பா கோப்பையை மேசையில் வைத்தார். வாசலுக்கு அப்பால் பார்த்தார். வெளியே மண் வெந்து கிடந்தது, வானத்தில் ஒரு முகில் இல்லை.

"மழை வரும் போல மகள்" என்றார்.

இந்த முறை எனக்கு விளங்கியது. என்னை இங்கேயே விட்டுவிடு என்கிறார். மீதிக் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.