கருந்துளை பற்றி அம்மாவுக்குச் சொல்ல நினைத்தது

எட்டு ஆண்டுகள் நான் என்ன வேலை பார்த்தேன் என்று என் அம்மாவுக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ பார்க்குறா" என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சொல்வாள். அது பொய்யும் இல்லை. காலையில் கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூர் போய், ஒரு பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, எந்த நாட்டிலோ யாரோ எடுத்த தொலைநோக்கிப் பதிவுகளைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் நான். அவற்றில் நான் தேடியது ஒன்றே ஒன்று. மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளை, தன் மண்டலத்து வாயுவை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்பது. வாயுவிலிருந்துதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அது போய்விட்டால் இருக்கிற பழைய விண்மீன்கள் சிவந்து வயதாகிக்கொண்டு கிடக்கும், புதிதாக ஒன்றும் பிறக்காது.

கருந்துளை என்றதும் எல்லாருக்கும் ஒரு பெரிய வாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு எரிச்சல் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு விண்மீன் மண்டலம் என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருக்கும் அந்த ராட்சசக் கருந்துளை கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி. அதன் ஈர்ப்பு ராஜ்ஜியம் பண்ணுவதெல்லாம் ஒரு தெருவின் நீளத்துக்குள்தான். பள்ளத்தாக்கின் ஓரத்துக் காப்பாரில் இருக்கும் விண்மீனை அதனால் இழுத்துத் தின்ன முடியாது. ஆனால் காப்பாரிலும் மறு ஓரத்துச் செமினியிலும் இனி ஒரு விண்மீன் பிறக்குமா பிறக்காதா என்பதைப் பல நேரம் அந்தத் தூசிதான் முடிவு செய்கிறது. உள்ளே விழப்போகும் வாயு சுற்றிச் சுற்றி உரசிக் கொதித்து, விழுவதற்கு முன்பே ஒளியாகவும் சூறைக்காற்றாகவும் வெளியே அடிக்கிறது. அந்த அடியில் மண்டலத்தின் மிச்ச வாயுவும் சூடேறிக் கலைந்துபோகிறது. அந்தக் காற்றின் வேகத்தைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி நிதி தீர்ந்தபோது என் ஒப்பந்தமும் தீர்ந்தது. நிரந்தர வேலை வரும், வரும் என்று காத்திருந்தேன். கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்கின் கதைதான். இப்போது கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கருந்துளை அவர்கள் பரீட்சைக்கு வராது. அதனால் நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். முழங்கால் போகும்வரை படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் படிப்பைப் பற்றி உறவுக்காரர்கள் ஆளாளுக்குக் கேள்வி கேட்டபோதெல்லாம் எனக்காக வாதாடியவள் அவள்தான். ஒருநாள் அவளே கேட்டாள்: "இதக் கண்டுபிடிச்சா யாருக்கு என்னம்மா ஆகும்?" குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் ஆங்கிலம். இரண்டு வாக்கியம் திக்கித் திணறினேன். "சரி, சாப்பிட்டியா?" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகவே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். "டீச்சர், கருந்துளையப் பத்தித் தமிழ்ல பேசணும். ஒரு மணி நேரம் முழுசா உங்களுக்குத்தான். புரொஜெக்டர் எல்லாம் இருக்கு லா" என்றார். அந்த அரங்கத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அம்மாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, நான் செய்ததையெல்லாம் அவள் மொழியில் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காக எங்கள் சமையலறையிலேயே என் உரையைத் தேடினேன். அம்மா பால் காய்ச்சும்போது பக்கத்தில் நின்றேன். பால் பொங்கி வழிந்தால் அடுப்பையே அணைத்துவிடும். அடுப்பை மூட்டியது பால் இல்லை, அந்த இடத்தில் மட்டும் உவமை உதைக்கும். ஆனாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வாயு விழ விழக் கருந்துளையின் வெறி ஏறுகிறது, ஏறிய வெறி வாயுவை விரட்டுகிறது, தீனி நின்றதும் கருந்துளை அடங்குகிறது. நம் பால்வீதியின் நடுவில் இருப்பதும் இப்போது அப்படி அடங்கித்தான் கிடக்கிறது. கருந்துளை முதலில் வளர்ந்ததா, மண்டலம் முதலில் வளர்ந்ததா என்பதில் எங்கள் ஆட்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்ல நினைத்தேன். கடைசியாக என் படம். நான் வேகம் அளந்த மண்டலம், அதன் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கிளம்பும் வாயு. உலகத்தில் அந்தப் படத்தை அப்படி வண்ணம் பிரித்துப் போட்டவள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரயில் நிலையத்திலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். முன்னிரண்டு வரிசை நாற்காலிகளில் 'சிறப்பு விருந்தினர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. மூன்றாவது வரிசையின் நடுவில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். நான் பேசி முடித்துவிட்டு வந்து உட்கார எனக்கு இடம் பிடித்திருக்கிறாளாம்.

ஒன்பதரை மணி நிகழ்ச்சி பத்தரைக்கும் தொடங்கவில்லை. டத்தோ வரவில்லை. டத்தோ வராமல் விளக்கேற்றக் கூடாது, விளக்கேற்றாமல் கடவுள் வாழ்த்துப் பாடக் கூடாது, கடவுள் வாழ்த்து இல்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. நம் நிகழ்ச்சிகளின் சாஸ்திரம் அது. யார் இந்த டத்தோ என்று கேட்டேன். பெரிய தொழிலதிபர், சுல்தான் கையால் அந்தப் பட்டம் வாங்கியவர், சங்கத்துக்கு வேண்டியவர் என்றார்கள். கருந்துளைக்கு வேண்டியவரா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அம்மாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

அவர் வந்தார். மேளம் முழங்கியது. ஐந்தாறு பேர் வரிசையாக ஏறி ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. போட்டோக்காரர் பிளாஷ் விழவில்லை என்றதால் ஒரு பொன்னாடையை எடுத்துவிட்டு மறுபடி போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள், போட்டோக்காரர் அப்போது பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

டத்தோ எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசக்கூடியவர். "வெள்ளக்காரன் நேத்துக் கண்டுபிடிச்சான், நம்ம முன்னோருங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார். கைதட்டல். எங்கே சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பதெல்லாம் இல்லை. "இந்தக் கருந்துளை எல்லாத்தையும் உறிஞ்சிரும். ஒருநாள் நம்ம பூமியையும் உறிஞ்சிரும். அதனால நம்ம சமுதாயம் ஒத்துமையா இருக்கணும்." அதற்கும் கைதட்டல். அம்மாவும் தட்டினாள். பரவாயில்லை, என் முதல் படத்திலேயே மரியாதையாக இதைத் திருத்திவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசியை அவர் ஒற்றுமை தின்றுவிட்டிருந்தது.

செயலாளர் என் பெயரை அழைத்து ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார். அதே நேரம் டத்தோ கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். செலாயாங்கில் அவருக்கு அடுத்த நிகழ்ச்சி. பெரிய மனிதர் எழுந்தால் வழியனுப்பப் போக வேண்டும், அது மரியாதை. முதல் இரண்டு வரிசையும் எழுந்தது. சங்கத்துப் பொறுப்பாளர்கள் எழுந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தூக்கினார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கீழ்த்தளத்தில் பந்தியைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பிரியாணி வாசம் படியேறி வந்தது. அவ்வளவுதான், பின்வரிசைகளும் எழுந்தன. நடுவிலிருந்து ஒருவர் கிளம்பியதற்கு ஒரு மண்டபமே காலியானது. தன் ஆராய்ச்சியை இப்படிக் கண்ணெதிரே பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க டீச்சர், சாப்பாடு ஆறிரும்" என்று என் காதில் சொல்லிவிட்டுச் செயலாளரும் அவர் பின்னால் ஓடினார்.

மிச்சமிருந்தவர்கள் ஒலிபெருக்கிக்காரர், தூங்கிப்போன ஒரு முதியவர், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். மூன்றாவது வரிசையில் அம்மாவைக் காணோம். கைப்பை மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினேன். தூசியைப் பற்றிச் சொன்னேன், தெருவின் நீளத்தைச் சொன்னேன், பால் பொங்குவதைச் சொன்னேன். கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். அவள் வந்த பிறகு போடலாம் என்று என் படத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன். சொல்ல வேறொன்றும் மிஞ்சாதபோது, வேறு வழியில்லாமல் அதைப் போட்டேன். அந்தக் கைப்பையைப் பார்த்துத்தான் விளக்கினேன். குழந்தையோடு இருந்த பெண் மட்டும் தலையை ஆட்டினாள். குழந்தையைத் தூங்க வைக்க ஆட்டினாளோ என்னவோ.

அம்மாவைக் கீழே பந்தியில் கண்டேன். எனக்காக ஒரு தட்டில் பிரியாணி போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. தட்டை வாங்கி அப்படியே மேசையில் வைத்தேன். அங்கே வைத்து எதுவும் கேட்கக் கூடாது என்று கைப்பையை அவள் கையில் கொடுத்தேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் காப்பாரில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டாள். "இவள மேடையிலயே உட்கார வச்சாங்க, பொன்னாடையெல்லாம் போட்டாங்க. அந்தக் கருந்துள இருக்குல்ல, அது ஒருநாள் நம்ம எல்லாரையும் உறிஞ்சிருமாம். நம்ம பெரியவங்க அப்பவே சொல்லி வச்சிட்டாங்களாம். டத்தோவே சொன்னாரு." அவள் போனை வைக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பேசறப்ப எங்கம்மா போன?"

"டத்தோ பின்னாடிதாம்மா போனேன்."

"எல்லாரும் போனா நீயும் போவியா? நான் உனக்காகத்தானே பேசினேன்!" எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படிதான் கத்தினேன்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வழியனுப்பப் போகல. படியில அந்தக் கூட்டத்துல இடிச்சிப் பிடிச்சிப் போயி, கார் கதவு சாத்தறதுக்கு முன்னாடி அவரப் பிடிச்சிட்டேன். என் பொண்ணு எட்டு வருஷம் படிச்சிருக்கா, ஒரு நல்ல வேல பார்த்துக் குடுங்க டத்தோன்னு கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னாரு. கார்டும் குடுத்தாரு." கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பொன்னெழுத்து அச்சடித்த தடித்த அட்டை. "எந்தப் பொண்ணு, அந்த மேடையில இருந்த டீச்சரான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன். நீ என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

முழங்கால் வீங்கிய ஒரு பெண், பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காரின் கதவுக்கு முன்னால் கும்பிட்டு நின்றதை நினைத்துப் பார்த்தேன். அந்த நேரம் மாடியில் நான் அவளுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தேன், கீழே அவள் எனக்காகத்தான் பேசியிருக்கிறாள். இரண்டு பேர் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. அந்த டத்தோ மீது எனக்கு வந்த கோபம் கிள்ளான் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அம்மா மீது வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் முடியாது.

மறுநாள் மதியம் டியூஷனுக்குக் கிளம்பும் முன், அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து, அட்டையிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். யார் பேசுவது, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் பெயரையும் பட்டத்தையும் சொன்னேன். தெரியவில்லையே என்றாள். நேற்று மேடையில் இருந்த டீச்சர் என்று சொன்னேன்.