ரிமினிக் கரையில் அப்பாவின் பெயர்

இன்று பொண்டாய் கடற்கரையில் யாரோ வெயிலுக்குப் பூசிய கிரீமின் தேங்காய் மணம் வந்ததுதான் தாமதம், எழுபதுகளில் நாங்கள் விடுமுறைக்குப் போன இத்தாலியின் ரிமினி கண்முன் வந்துவிட்டது: கண்ணுக்கெட்டியவரை ஒரே மாதிரி மஞ்சள் குடைகள், ஓயாத பாட்டு, ஐஸ்கிரீம்காரர்களின் கூவல், கூடவே அந்தப் பயமும். எங்கள் குடை எதுவென்று தெரியாமல் அழுத ஆறு வயதுக்காரியான என்னிடம் கரைக் காவலர் பெயர் கேட்டார். நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னே வைத்து, "நடராசா சுமதி" என்றேன். அவர் முதற்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார். "நடராசா! நடராசா!" என்று ஒலிபெருக்கி அலற, ஐயோ, அப்பாவும் தொலைந்துவிட்டார் என்று நடுங்கிப்போனேன்.

குடையடியில் அப்பாவோ, "இஞ்சை இருக்கிற என்னை ஆரப்பா தேடுறது?" என்று கேட்டாராம்.

"நீங்கள் துலைஞ்சிட்டீங்களாக்கும்!" என்று சிரித்த அம்மா, அப்போதுதான் பக்கத்தில் மணலில் விரித்தபடி வெறுமையாகக் கிடந்த என் துவாயைப் பார்த்தாராம்.