பலகையில் இல்லாத கத்தி

திருவொற்றியூர்க் குப்பத்தில் என் தங்கச்சி வீட்டுச் சமையலறை ஜன்னல் சட்டத்தில் ஒரு கத்தி செருகியிருக்கும். பிடி மட்டும் வெளியே தெரியும். பழைய ரம்பத் தகட்டைத் தேய்த்துக் கூராக்கி, மரப்பிடியில் இறக்கி, மேலே சைக்கிள் டியூப் சுற்றியது. அதை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான். "எங்க வூட்டுக்காரரு உயிர காப்பாத்துன கத்தி" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வாள். அப்போதெல்லாம் நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கத்தியை வாங்கியவன் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்வந்தோம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு ஓரம் சாக்கு விரித்து இரும்பு சாமான் விற்பவரிடம் நாலைந்தாக வாங்கி வருவான். ஒன்றின் விலை இரண்டு டீ, ஒரு பன்னுக்கு மேல் போகாது. கயிறு அறுப்பான், மீன் கிழிப்பான், எஞ்சினில் சிக்கிய பிளாஸ்டிக்கைச் சுரண்டுவான். மழுங்கினால் நங்கூரக் கல்லில் நாலு தேய்ப்பு. கடலில் விழுந்தால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். என்னிடமோ பர்மா பஜாரில் வாங்கிய மடக்குக் கத்தி இருந்தது. எண்ணெய் போட்டு, கவரில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பேன். அதை எடுத்துக் காட்டும்போதெல்லாம் சிரிப்பான். "அத நீ காப்பாத்திகினு கீற மச்சான். இது நம்மள காப்பாத்தும்."

யோசித்தால் மலிவான கத்தியின் அருமையே அதுதான். விலை கொடுத்து வாங்கியதைப் பத்திரப்படுத்துகிறோம். மலிவானதைத்தான் கைக்கு எட்டும் இடத்தில் விட்டுவைக்கிறோம். எங்கள் போட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. வலை விடும்போது அந்தக் கத்தி நடுப்பலகையில் குத்தி நிற்க வேண்டும். யார் எடுத்தாலும் திரும்ப அதே இடத்தில் குத்த வேண்டும். அவசரத்தில் கண் பார்க்காவிட்டாலும் கை போகும்.

ஒரு நாள் சாயங்காலம் போட்டு மணலில் ஏறியிருந்தது. தங்கச்சியின் மூன்று வயது மகள் உள்ளே ஏறி விளையாடினாள். கையைக் கிழித்துக்கொள்ளப் போகிறாளே என்று பலகையில் குத்தியிருந்த கத்தியைப் பிடுங்கி, முன்பக்கம் கிடந்த பழைய வலைக்கு அடியில் தள்ளினேன். அதோடு மறந்தும் போனேன்.

மறுநாள் காலையில் வலை ஓடும்போது கயிற்றுச் சுருள் மாப்பிள்ளையின் கணுக்காலில் விழுந்து இறுகியது. அவன் கை பலகைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் பலகையைத் தடவிய அந்தக் கையை நான் இன்றும் மறக்கவில்லை. என் மடக்குக் கத்தியை உருவினேன். அவ்வளவு எண்ணெய் போட்டும் உப்பில் இறுகிப்போய் அது திறக்கவே இல்லை, என் நகம்தான் பிய்ந்தது. அதற்குள் அவனைக் கயிறு தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. எஞ்சினைப் பிடித்திருந்த மூன்றாவது ஆள் வேகத்தைக் குறைத்தான். கயிறு தளர்ந்த பிறகு இருவருமாக அவனை இழுத்துப் போட்டோம். உயிர் தப்பியது, கணுக்கால் நொறுங்கிவிட்டது. பிறகு அவன் கடலுக்குப் போகவே இல்லை. கரையில் உட்கார்ந்து வலை சீர் செய்கிறான்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி அழுதுகொண்டு வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "உங்கண்ணன் தான் கத்தியால கவுத்த அறுத்து இஸ்து போட்டாரு." நான் மறுக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. அந்தக் கத்தி எப்படி ஜன்னலுக்கு வந்தது என்றுகூட நான் கேட்டதில்லை.

போன ஆயுத பூஜையன்று மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே பூ வாங்கப் போனான். அந்த நடையைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கத்தி அன்றைக்கு எதையும் அறுக்கவில்லை, அதை ஒளித்து வைத்தவனே நான்தான் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் குங்குமக் கிண்ணத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "தெரியும்ணா. அந்தப் பழைய வலைய ஒதறினப்ப அடியில கெடந்துச்சு. நான் தான் எடுத்தாந்தேன். மொத நாளு பாப்பா போட்டுல ஆடிகினு இருந்துச்சு, கைய கிழிச்சிக்கும்னு தானே வெச்ச?"

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார், அப்படியே இருக்கட்டும் என்றாள். பிறகு கத்திக்குப் பொட்டு வைத்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்த எடத்துல வெய்ணா."

ஜன்னல் சட்டத்தில் செருகினேன், பிடி வெளியே தெரியும்படி.