குருபரப்பள்ளிக்குப் பின்னால் போட்ட அம்புக்குறிகள்

கிருபாராணி அக்கா ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். ஆறு நாள் ஒரே இடத்தில் நின்று நட்டு முடுக்குகிறவர், ஏழாவது நாள் வீட்டில் இருக்க மாட்டார். கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது மண்பாதையில் இறங்கிவிடுவார்.

அவரோடு வேலை செய்யும் ஆறு பெண்கள் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். முதல் தடவை நன்றாக அமைந்தால் மாதாமாதம் வருவார்கள். வழி தவறி வெயிலில் அலைந்தால் அதோடு சரி. அதனால் சனிக்கிழமை அக்கா லீவு போட்டார். பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் கூட்டிக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைக் கரட்டுக்குப் போனார். பாதை பிரியும் இடமெல்லாம் கல்லில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டு, செடியில் சிவப்புத் துணி கட்டினோம்.

ஞாயிறு காலை எட்டு சைக்கிள்கள் புறப்பட்டன. முதல் பிரிவில் அம்பு இருந்தது. அடுத்த இரண்டிலும் இல்லை.

"அக்கா, கனவுல வந்து போட்டியா?" என்றாள் அந்த ஆறு பேரில் ஒருத்தியான ரேவதி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

பாதை ஒரு தக்காளித் தோட்டத்தில் போய் முடிந்தது. அங்கே நின்ற பெண்ணின் கையில் எங்கள் துணிகள் மொத்தமும் இருந்தன. அவர் பெயர் முனிலட்சுமி என்று பிறகு தெரிந்தது.

"இத கட்னது நீங்கதானா? எந்த கம்பெனிக்கு எங்க நெலத்த அளக்கறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் கல்லில் வெள்ளைக் குறியும் செடியில் சிவப்புத் துணியும் தெரிந்தால், நிலம் போகப்போகிறது என்றுதான் ஊர் நினைக்கும். ஊரே திரண்டு கற்களைப் புரட்டிப் போட்டிருந்தது.

"கம்பெனிக்கு இல்லக்கா. நாங்களே அங்க வேல செய்றவங்க. சைக்கிள் ஓட்ட வழி தெரியட்டும்னு போட்டோம். உங்கள கேக்காம போட்டது தப்புதான்," என்றார் அக்கா.

முனிலட்சுமி எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார். "இந்தக் கல்லுலயா? தார் ரோடு கீதே, அதுல ஓட்டக் கூடாதா?"

"அதுல லாரி கீதுக்கா," என்றாள் ரேவதி.

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வாங்க. ஆடு போற வழி ஒண்ணு கீது."

அவர் முன்னால் நடக்க, நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறை மேல் ஏறினோம். அங்கிருந்து ஏரி வரை ஒரே இறக்கம். ரேவதி இறங்கிய இரண்டு தடவையும் விழுந்தாள். மூன்றாவது தடவை இறங்குவதற்காக மறுபடி மேலே ஏறினாள்.

ஏரிக்கரையில் தண்ணீர் குடிக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்று யாருக்கும் ஒத்துவரவில்லை. ஆளுக்கு ஒரு ஷிப்ட். அக்கா யார் பக்கமும் பேசாமல், சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.