செபஸ்தியான் கூறு போட்ட மாத்திரை

தீவில் ஜங்லிகாட் என்கிற எங்கள் மீனவர் குடியிருப்பில், அடுத்த வீட்டு செபஸ்தியான் அண்ணன் மாதிரி ஓர் அப்பாவியை நான் பார்த்ததில்லை. மீன்பிடி போட் ஓட்டுகிறவர். எது கிடைத்தாலும் கூடவரும் ஆட்களுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். மீனில் பங்கு, சரி. ஒரு வாழைப்பழம் கிடைத்தாலும் கத்தியைத் தேடினால் என்ன சொல்வது?

போன மழையில் அவருக்கு மலேரியா வந்தது. சுகாதார நிலையத்து ஜெயராணி ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

காய்ச்சல் சீக்கிரமே விட்டது. மனுஷன் கடலுக்குக் கிளம்பிவிட்டார். கரை திரும்பி மீனைக் கூறு வைத்த கையோடு மிச்ச மாத்திரையையும் கூறு வைத்துவிட்டார்! எல்லாரையும் ஒரே கொசுதானே கடித்திருக்கும் என்பது அவர் நியாயம். அந்தப் புத்திசாலிகளும் மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

மகள் ஷெர்லினின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, மறுபடி குளிர் வந்து கட்டிலோடு ஆடினார். மாதா கோயிலுக்குள் மகளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர். அவர் மனைவி கிரேசி அக்கா அழுதே விட்டார்.

"அப்பா வராம நான் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்" என்றாள் ஷெர்லின்.

விஷயம் தெரிந்ததும் ஜெயராணி வெடித்தாள். "அரே பாப்ரே! அது என்ன நெத்திலியா அண்ணே, கூறு வைக்க? காய்ச்சல் விட்டாலும் கிருமி ஈரல்ல ஒளிஞ்சு கெடக்கும். முழுசா சாப்பிட்டாத்தான் சாகும். டெஸ்ட் பாக்காம அடுத்தவங்களுக்குக் குடுத்தா, சில பேருக்கு ரத்தமே கெட்டுடும்!"

"அவனுவளும் பாவம்லா?" என்றார் அண்ணன். எனக்கு வந்ததே கோபம்!

"பாவம் பாக்க வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒமக்கு?" என்று கத்தினேன்.

போட் ஆட்களை ஜெயராணி வரவழைத்துச் சோதித்தாள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. இந்த முறை மாத்திரை கிரேசி அக்காவின் கையில். தினமும் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

"அண்ணே, எங்களுக்கு இல்லியா?" என்று ஆட்கள் சீண்டினார்கள்.

"போங்கல! இது என்னோடது" என்றார் அண்ணன். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

கடைசி மாத்திரையையும் விழுங்கித் தேறிய பிறகுதான் கல்யாணம் வந்தது. கோயில் வாசலில் ஷெர்லின் அப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் நகரவே இல்லை.

"என்ன மோளே?"

"ஒங்க கை நடுங்கலப்பா."

"ஒன் கைதான் நடுங்குது. வா, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்று உள்ளே அழைத்துப் போனார்.