தோளில் வைத்த கம்பி

தோளில் மடித்துப் போட்ட துண்டு. அதன் மேல் ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் மறுமுனை நாற்காலி முதுகில் இருக்கும், நடுவில் மோட்டார்சைக்கிள் வீல் தொங்கும். என் வீட்டுக்காரர் சின்னமனூரில் வீட்டில் வைத்தே வண்டி வேலை பார்க்கிறவர். வீல் பேலன்ஸ் பார்க்க ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தாங்கல் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொரு தாங்கல் நான். முக்காலியில் உட்கார்ந்து தோளைக் கொடுப்பேன். அவர் வீலை மெல்லச் சுற்றி விடுவார். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ரிம்மில் ஈயத்துண்டு ஒட்டுவார். எங்கே நிறுத்தினாலும் வீல் அங்கேயே நின்றுவிட்டால் வேலை முடிந்தது. "மூச்சப் பாத்து விடுடி, வீலு ஆடுது" என்பார்.

அப்பா செத்த அன்றைக்கும் தோளில் கம்பிதான் இருந்தது. சுருளிப்பட்டியிலிருந்து அண்ணன் போனில் அழுதார். "அப்பா போயிட்டாரு ஆத்தா. வெயிலுக்கு முன்ன எடுத்துரணும்கிறாக. வெரசா வந்து வாய்க்கரிசி போடு." அப்பாவுக்கு நான் ஒரே மகள். கம்பியை இறக்கப் போனேன். "மேகமல எஸ்டேட்டுக்காரர் வீலு. முடிச்சுட்டு நானே கொண்டுபோயி விடுறேன்" என்றார் இவர். பஸ்ஸில் போகிறேன் என்றேன். "போ. அங்கனயே இருந்துக்க. இங்கன திரும்பி வராத." உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீல் அடங்கவே இல்லை. ஒரு இடத்தில் ஈயம் ஒட்டினால் வேறு இடம் கீழே வந்தது. அதைச் சரி பண்ணினால் இன்னொரு இடம். நான்தான் அசைக்கிறேன் என்றார். நான் அசையவில்லை. அண்ணன் திரும்பவும் போன் அடித்தார். பாடை கட்டியாச்சு என்றார். வீல் இன்னும் நிற்கவில்லை என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இவர் வீலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கப்பன் இப்ப எப்படிக் கெடக்கான்? அப்படி இருடி."

உச்சிவெயிலில் எஸ்டேட்டுக்காரர் வந்தார். ரிம் பூராவும் ஒட்டியிருந்த ஈயத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, டயருக்குள்ள பஞ்சர் லிக்விட் ஊத்திருக்கேன், சொல்லலையா? அது பாட்டுக்கு உள்ள ஓடிக்கிட்டே இருக்குமே." இவர் வீலை இன்னொரு தடவை சுற்றி விட்டுப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி! காலையிலருந்து இவளயில்ல ஏசிக்கிட்டு இருக்கேன்!" ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் கம்பியை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரையில் இன்னும் ஈரம். மதினி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தா, ஒனக்குன்னு எடுத்து வச்ச அரிசி. ஒன் வீட்டுக்காரரு வீலு நின்னுருச்சா?" அந்த அரிசியைக் கொல்லையில் கோழிக்குப் போட்டேன்.

அடுத்த வாரமே இவர் பழைய இரும்பு ஆங்கிளை வெட்டி வெல்டு வைத்து, வீல் தாங்க ஒரு ஸ்டாண்டு செய்தார். அரைநாள் வேலை. "இது அழுவாது" என்றார்.

அன்றைக்கு நடந்ததை வருகிற ஆளுக்கெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார். லிக்விட் ஓடியதையும் என்னை ஏசியதையும் சொல்வார். அப்பா செத்ததை மட்டும் சொல்லமாட்டார். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். போன மாதம் போடிக்காரர் ஒருத்தர் சிரித்து அடங்கி என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்புறம் என்னக்கா செஞ்சீக?"

"சுருளிப்பட்டிக்குப் போனேன். அதுக்குள்ள எங்கப்பாவ எரிக்கக் கொண்டு போயிட்டாக" என்றேன்.

அவர் டீயைத் தொடவில்லை. "இப்ப எதுக்கு அதச் சொல்ற?" என்றார் இவர். கேட்டாரு, சொன்னேன் என்றேன்.

அதற்குப் பிறகு இவர் அந்தக் கதையை எடுப்பதில்லை. நான்தான் சொல்கிறேன், வருகிறவர்களிடம். இவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.